ஒரே கடல், ஆறு மூட்டை! ஆலத்தியூர் வட்டாரத்தில் ஒரு ‘பிராண்ட்’ பிடிவாதம்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பகல் ரயிலில் போகிறவர்கள் விருத்தாசலம் தாண்டியதும் செல்போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கலாம். பெண்ணாடம், ஈச்சங்காடு, செந்துறை என்று ஸ்டேஷன்கள் நகர நகர, முந்திரித் தோப்புக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் பின்னால் சாம்பல் நிறக் கோபுரங்கள் எழும்பி நிற்கும். முதல்முறை பார்க்கும் குழந்தைகள் கோயில் என்றுதான் நினைப்பார்கள். எல்லாம் சிமெண்ட் ஆலைகள்.

அந்தக் கோபுரங்களில் சில ஆலத்தியூருக்குச் சொந்தம். அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம். மாவட்டத்தின் வடக்கு ஓரம் இது. வெள்ளாற்றைத் தாண்டிவிட்டால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். 1997-ல் இங்கே ‘மெட்ராஸ் சிமெண்ட்ஸ்’ தன் ஆலையைத் தொடங்கியது. 2001-ல் இரண்டாவது யூனிட் வந்தது. 2013-ல் கம்பெனி பெயரை ‘ராம்கோ சிமெண்ட்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. தபால் முகவரியிலேயே ‘சிமெண்ட் நகர்’ இருக்கிறது. வேறு எந்தத் தொழிலுக்கும் இப்படி முகவரியில் இடம் கிடைப்பது அபூர்வம்.

இந்த ஊரைப் பற்றி எழுத ஆலையே போதும். ஆனால், ஆலையைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒன்று இங்கிருந்து கிளம்பி, தமிழ்நாட்டில் வீடு கட்டும் ஒவ்வொரு குடும்பத்தின் வாசல் வரைக்கும் போகிறது.

வீடு கட்டிய அனுபவம் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். ஹார்டுவேர் கடையில், “இந்த கம்பெனி மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைவு சார், இதுவும் நல்ல சரக்குதான்” என்று கடைக்காரர் சொல்வார். சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு வருவீர்கள். கொத்தனார் மூட்டையைப் பார்ப்பார். தலையைச் சொறிவார். “இது நமக்கு செட் ஆகாதுங்க. வழக்கமா போடுறதையே வாங்கிட்டு வந்துடுங்க” என்பார். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதில் வராது. “கையில நிக்காது” என்பார், அல்லது “பூச்சு வேலைக்கு ஆகாது” என்பார்.

சரி, அந்த மூட்டைகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

அரியலூர் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் ராம்கோ. தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ். ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக். கீழப்பழுவூரில் செட்டிநாடு. தாமரைக்குளத்தில் டால்மியா. அரியலூரில் 1979-லிருந்து அரசின் டான்செம் ஆலை. மொத்தம் ஆறு நிறுவனங்கள். தோண்டுவது அக்கம்பக்கத்து சுண்ணாம்புக் கல்லை. ஒரே மாவட்டத்து மண்ணில் பிறந்து, ஆறு விதமான சட்டை போட்டுக்கொண்டு லாரி ஏறுகின்றன மூட்டைகள். அதில் ஒன்றுக்கு மட்டும் கொத்தனார் சத்தியம் செய்கிறார். இன்னொரு கொத்தனார் வேறொன்றுக்கு!

கடல் விட்டுப்போன சரக்கு

அந்தக் கல்லின் கதை டைனோசர் காலத்தில் தொடங்குகிறது. சுமார் ஏழு கோடி வருடங்களுக்கு முன்னால் இந்த வட்டாரம் கடலுக்கு அடியில் கிடந்தது. சிப்பி, நத்தை போன்ற ஜீவன்கள் செத்துச் செத்துப் படிந்த ஓடுகள்தான் இறுகி சுண்ணாம்புக் கல்லாயின. கல்லங்குறிச்சிப் பகுதியின் பாறையில் சிப்பி ஓடுகளைச் சாதாரணக் கண்ணாலேயே பார்க்கலாம். 1840-களிலேயே வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரமே படுத்திருக்கிறது. அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் அதிர்ந்தது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அது அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி உருவான உருண்டைகள் என்றார்கள். ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால், கடலுக்கு இதைவிட நல்ல சாட்சி எது?

இந்தக் கல்லைத் தூளாக்கி, களிமண் வகையறாக்களைச் சேர்த்து, சுழலும் சூளையில் சுமார் 1,450 டிகிரியில் சுட்டால் கிடைப்பது ‘கிளிங்கர்’. கறுப்புக் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதுமே சட்டென்று இறுகிவிடும், கரணையைத் தூக்கக்கூட நேரம் இருக்காது. இன்று வீடுகளுக்கு அதிகம் போகும் பி.பி.சி. ரகத்தில் அனல்மின் நிலைய சாம்பலும் 15 முதல் 35 சதவிகிதம் வரை சேர்கிறது. கலப்படம் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி இல்லை, இந்திய தர நிர்ணயமே அனுமதித்த அளவு அது.

“கையில நிக்கணும்”

‘கையில நிக்கிறது’ என்று கொத்தனார் சொல்வது வெறும் வார்த்தை இல்லை. தர நிர்ணயப்படி சிமெண்ட் கலவை இறுக ஆரம்பிக்கக் குறைந்தது 30 நிமிடம் ஆக வேண்டும். முழுதாக இறுகி முடிவது 600 நிமிடத்துக்குள். முப்பது நிமிடத்துக்கும் பத்து மணி நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு பெரிய மைதானம் இருக்கிறது, பாருங்கள்! எல்லா கம்பெனியும் இந்தக் கோட்டுக்குள்தான் ஆடுகின்றன. ஆனால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. அரைத்த நைஸ், சாம்பலின் அளவு, ஜிப்சத்தின் அளவு... இதெல்லாம் மாறினால் இறுகும் நேரமும் கொஞ்சம் மாறும்.

இருபது வருடமாக ஒரே கம்பெனி சிமெண்ட்டைச் சுவரில் அடித்த கைக்கு ஒரு கணக்கு பழகியிருக்கும். சித்தாள் எத்தனை சட்டி கொண்டுவந்தால் சரியாக இருக்கும், எப்போது மணியாஸ் கட்டை போட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்தால் கலவை காத்திருக்குமா என்பதெல்லாம் கடிகாரம் பார்க்காமலே தெரியும். புது மூட்டை வந்தால் அந்தக் கணக்கு கலைகிறது. சுவரில் விரிசல் விட்டால் ‘சிமெண்ட் சரியில்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘கொத்தனார் சரியில்லை’ என்றுதான் தெருவே பேசும். அடுத்த வேலை கிடைக்காது. அவர் பிடிவாதத்துக்குள் இந்தப் பயமும் இருக்கிறது.

இதே குணம் முற்றிலும் வேறொரு கூட்டத்திடமும் உண்டு. துப்பாக்கி சுடும் வீரர்கள். 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்காக நடிகர் அஜித் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது கூடிய கூட்டம் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் பிஸ்டல் சுடுவதும் ஒரு விளையாட்டு என்று பல வீடுகளுக்குத் தெரிந்தது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. 75 நிமிடத்தில் 60 குண்டுகள். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவை என்பது விதி. அந்த அரைக் கிலோ அழுத்தத்தில் எந்த நொடியில் விசை ‘விடும்’ என்பதை விரல் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கைப்பிடி மரத்தைத் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப ராவி, பூசி, மறுபடி ராவிப் பழக்கியிருப்பார்கள். மொரினி, ஸ்டெயர், வால்தர், பார்தினி என்று உலக அளவில் சில கம்பெனிகள்தான். ஒன்றில் பழகியவர்கள் லேசில் மாற மாட்டார்கள்.

மனு பாக்கரின் கதைதான் இதற்குச் சரியான உதாரணம். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய மொரினி பிஸ்டல் பழுதாகி நின்றது. சரி செய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளிகள், 12-வது இடம். இறுதிச் சுற்று கைநழுவியது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கம்பெனியின் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நமக்குத் தோன்றும். 2024 ஜூலை 28, பாரிஸ். வெண்கலம் வென்றபோதும் அவர் கையில் மொரினிதான்! (அந்தத் துப்பாக்கி ஒரு கோடி ரூபாய் என்று கிளம்பிய வதந்தியை மறுத்து, ஒன்றரை லட்சத்திலிருந்து 1.85 லட்சம்தான் என்று அவரே சொன்னார்.) பழுதான ஒரு பாகத்தை மாற்றிவிடலாம். விரல் பழகிய பழக்கத்தை மாற்ற வருடங்கள் ஆகும்.

அரங்கத்தின் பரபரப்பு, நெஞ்சத் துடிப்பு, எதிராளியின் ஸ்கோர் எதுவும் வீரரின் கட்டுப்பாட்டில் இல்லை. கையில் இருக்கும் கருவி மட்டும்தான் நேற்று போலவே இன்றும் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கலாம். கொத்தனாரின் எதிர்பார்ப்பும் அதே ரகம்தான். என்ன, இவருக்கு மெடல் கொடுப்பவர் யாரும் இல்லை!

மூட்டைக்கு வெளியே

எல்லாவற்றையும் கைப்பழக்கத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. சந்தை என்று ஒன்று இருக்கிறதே! கொத்தனார்களையும் மேஸ்திரிகளையும் கூட்டி விருந்து வைப்பது, மூட்டைக்கு இவ்வளவு பாயின்ட் என்று கணக்கில் ஏற்றி பரிசு தருவது, டி-ஷர்ட், பை, மட்டக்கோல் கொடுப்பது எல்லாம் சிமெண்ட் வியாபாரத்தில் ஊரறிந்த வழக்கம். “நமக்கு செட் ஆகாதுங்க” என்பதற்குப் பின்னால் சில நேரம் பாயின்ட் கணக்கும் இருக்கலாம். கடைக்காரர் எந்தக் கம்பெனிக்குக் கடன் தவணை அதிகம் கொடுக்கிறார் என்பதும் ஊரின் ‘நம்பிக்கையான பிராண்டை’ முடிவு செய்யும்.

மெய்யான காரணம் இன்னொன்றும் உண்டு. புதுசு. சிமெண்ட் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்தே கெட்டுப்போகும். மூன்று மாதம் தாண்டிய மூட்டையைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பார்கள் பொறியாளர்கள். அதிகம் விற்கும் பிராண்ட் கடையில் தேங்காது. தேங்காததால் புதுசாக இருக்கும். புதுசாக இருப்பதால் நன்றாக வேலை செய்யும். நன்றாக வேலை செய்வதால் அதிகம் விற்கும். ஊருக்கு ஊர் ‘ராஜா பிராண்ட்’ மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆலத்தியூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பக்கத்து ஆலையின் மூட்டை சூடாறாமல் வந்து சேரும். அதே மூட்டை தூரத்து ஊர் ஒன்றின் குடோனில் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்த ஊர்க்காரர் அதைத் திட்டத்தான் செய்வார். தப்பு மூட்டையிலா, குடோனிலா?

பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அரசாங்கமே ஒரு பரிசோதனை நடத்தியதுபோல் ஆனது. 2015 ஜனவரியில் ‘அம்மா சிமெண்ட்’ வந்தது. மூட்டை 190 ரூபாய். 1,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்கு. அரசு புதிதாக ஆலை கட்டி அதைத் தயாரிக்கவில்லை, தனியார் ஆலைகளிடமிருந்து வாங்கித்தான் கொடுத்தது. ஆனாலும், ‘மலிவு சிமெண்ட்டை ரூஃபுக்குப் போடலாமா’ என்ற சந்தேகம் பல வீடுகளில் எழுந்தது. 2021 நவம்பரில் டான்செம் ‘வலிமை’ என்ற பெயரில் இன்னொரு மூட்டையை இறக்கியது. பெயரிலேயே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்போல.

கம்பெனிகளே கைமாறுகின்றன. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸை அல்ட்ராடெக் தன் வசமாக்கியது. தளவாய் ஆலையும் ரெட்டிப்பாளையம் ஆலையும் இப்போது ஒரே குடும்பம். ‘அது ஆகாது, இதுதான் ஆகும்’ என்று இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாள் சண்டை போட்டவர்கள் என்ன செய்வார்களோ!

தோண்டிய இடம்

மூட்டை எங்கே போனாலும் பள்ளம் இங்கேதான் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் பயணம் செய்தால் சுரங்கங்களைத் தவிர்க்க முடியாது. படிப்படியாக இறங்கும் வெள்ளைச் சுவர்கள், அடியில் மழை நீர் பச்சை நிறத்தில் தேங்கிய பழைய குழிகள், சாலையோரச் செடிகளில் படிந்த வெள்ளைப் பொடி, வரிசை கட்டும் டிப்பர் லாரிகள். நிலம் கொடுத்த குடும்பங்களில் சிலருக்கு ஆலையில் வேலை கிடைத்தது, சிலருக்குப் பணம் மட்டும் கிடைத்தது. பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கரிசல் மறுபடி கரிசலாகத் திரும்பாது. ஏழு கோடி வருடக் கல்லை ஒருமுறைதான் தோண்ட முடியும்.

இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் ஆயிரம் வருடமாக ஒரு சிமெண்ட் மூட்டையும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. ஆலத்தியூர் பக்கம் வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது, கண்ணுக்கு ஒரு மாற்றாக இருக்கும்.

முப்பது ரூபாயா, முப்பது லிட்டரா?

வீட்டுக்காரரின் கணக்குக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக 400 மூட்டை. மூட்டைக்கு 30 ரூபாய் வித்தியாசம் என்றால் 12,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை. அதே நேரம், அந்தத் தொகைக்காக வேலை செய்பவரின் மனசை முறித்துக்கொள்ளலாமா என்றால், பல வீடுகளில் வேண்டாம் என்றுதான் முடிவெடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. பி.ஐ.எஸ். முத்திரை உள்ள எந்தப் புது மூட்டையும் வீட்டைத் தாங்கும். பழகிய கை பழகிய மூட்டையில் வேலை செய்தால் பூச்சு இன்னும் ஒழுங்காக வரும்.

ஆனால், மூட்டையின் பெயருக்குக் காட்டும் கவனத்தில் பாதியை மூட்டையின் ஓரத்தில் அச்சிட்ட வாரத்துக்கும் வருடத்துக்கும் காட்டலாம். எந்த வாரம் பேக் செய்தது என்று அதில் இருக்கும். நிறத்தைப் பார்த்து ‘கறுப்பா இருக்கு, ஸ்ட்ராங்’ என்பது வீண்பேச்சு. நிறம் மூலப்பொருளையும் சாம்பலையும் பொறுத்தது. கையை உள்ளே விட்டால் ஜில்லென்று இருக்கிறதா, கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்ப்பது கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான்.

தண்ணீர் இதையெல்லாம்விட முக்கியம். சாதாரண வீட்டு ரூஃபுக்குப் போடும் எம்-20 கலவைக்கு, இந்தியத் தர விதிப்படி 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர். ஒன்றரைக் குடம், ரெண்டு குடம் என்று கண்ணளவில் ஊற்றும் இடத்தில் இது எங்கே நிற்கும்? கலவை வழுக்கிக்கொண்டு ஓடினால் வேலை சுலபம். ஓடிய தண்ணீர் பின்னால் காய்ந்து, உள்ளே நுண்ணிய ஓட்டைகளை விட்டுப் போகும். எத்தனை விலை உயர்ந்த மூட்டையும் அங்கே தோற்கும்.

அடுத்தது க்யூரிங். சாம்பல் சேர்ந்த பி.பி.சி. நிதானமாகத்தான் பலம் சேர்க்கும். குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், 14 நாள் என்றால் இன்னும் நல்லது. ரூஃப் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு காலையும் மாலையும் ஹோஸ் பைப்போடு மொட்டை மாடி ஏறுவது பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாவோ, தாத்தாவோ, பள்ளி விட்டு வந்த பிள்ளையோதான். சில வீடுகளில் மூன்றாம் நாளே மறந்துவிடுவார்கள்.

கொத்தனாரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு இப்படித்தான் வருகிறது. எம்-சாண்ட் வாங்குவது வீட்டுக்காரர். கம்பி வாங்குவது வீட்டுக்காரர். போர் தண்ணீர் உப்போ, இனிப்போ, அது அந்த மண்ணின் குணம். மாடியில் தண்ணீர் ஊற்றுவதும் அவர் போன பிறகு நடப்பது. மூட்டையில் என்ன பெயர் இருக்க வேண்டும் என்பதில் மட்டும்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு. அதனால் அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.